கற்பிட்டிக் கரையும் அயலரசுகளும்

ஒரு நாட்டின் சிறுபான்மையினர் பொருட்டு அயலரசுகள் தலையிடுமிடத்து, அவர்களுக்குள்ளும் சிறுபான்மையினராய் வாழ்வோர் நிலை யாது? புத்தளக் கரையோர வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

1987 யூலை 29 இல் இந்தியாவும் இலங்கையும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, வட மாகாணத்தையும் கிழக்கு மாகாணத்தையும் இணைக்க வழிவகுத்தது. அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பினராகக் கொள்ளப்பட்டிலர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அளிக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. மன்னாரிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டியை அடைந்தனர். புத்தளத்து மக்கள் அவர்களுக்கு உணவும் உறையுளும் ஈந்தனர்.

2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையுடன் போர்நிறுத்த உடன்படிக்கை உருவாயிற்று. அதிற் கைச்சாத்திட்டோர் அரசாங்கத்தினரும் புலிகளுமே. பேச்சுவார்த்தையில் முஸ்லிம்கள் தனித்தரப்பாக இடம் கோரினர், அக்கோரிக்கை நிறைவேறவில்லை. 2007 இல் உலக வங்கியின் கடனுதவியுடன் புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் தொடங்கிற்று. வீடு கிடைத்தோர்க்கும் விட்டுவந்த ஊர் கிடைத்ததாகாது.

ஆள்வோரையும் படைக்கலம் ஏந்தியோரையுமே அயலரசுகள் நோக்கின என்பது உண்மை. ஆயினும், நீதி வேண்டி நின்ற தமிழினத்தின் பெயராலேயே அயல்வீட்டார் அகற்றப்பட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. பிறநாட்டார் வரையும் உடன்படிக்கையால் இக்கடன் தீராது. நாமே தீர்த்தல் வேண்டும்.