பெயரும் சுற்றுப்பாதையும்: சோவியத் செனித் செயற்கைக்கோள் வரலாற்றில் ஒரு சான்றுச் சிக்கல்

1962 ஏப்ரல் 26 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட காஸ்மாஸ் 4, மூன்று நாள்கள் புவியைச் சுற்றிய பின் சோவியத் மண்ணில் தரையிறங்கியது. அது செனித்-2 வகை உளவுக்கலமாகும். முந்தைய டிசம்பரில் நிகழ்ந்த முதல் முயற்சி சுற்றுப்பாதையை எட்டவில்லை. எனினும் 'செனித்' என்னும் பெயர் அன்றைய அறிவிப்புகளில் இடம்பெறவில்லை. அவ்வாண்டு மார்ச் 16 அன்று டாஸ் நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு, காஸ்மாஸ் வரிசையின் நோக்கங்களாக அயனிமண்டலம், கதிர்வீச்சுப் பட்டைகள், புவிக்காந்தப் புலம், மேகங்களின் பரவல் முதலியவற்றின் ஆய்வைக் கூறியது. பின்னர் ஏவப்பட்ட கலங்களுக்கும் இவ்வறிவிப்பே மேற்கோளாகச் சுட்டப்பட்டது. இதனை முழுப்பொய் என ஒதுக்குவதும் முறையன்று. செனித் கலங்கள் சிலவற்றில் அறிவியல் கருவிகளும் இருந்தன. சொல்லப்பட்டதினும் சொல்லாது விடப்பட்டதே இங்குப் பெரிது.

ஆவணங்கள் மூடப்பட்டிருந்த காலத்தில் இக்கலங்களின் பணியை எதைக்கொண்டு அறிவது? அவற்றின் குறுகிய ஆயுளே முதன்மைச் சான்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

கொரோலியோவின் வடிவமைப்பகம் வஸ்தோக், செனித் ஆகிய இரண்டையும் ஏறத்தாழ ஒரே உடலமைப்பில் உருவாக்கியது. ககாரின் அமர்ந்தது போன்ற கோளத்தில் இங்கு ஒளிப்படக் கருவிகள் பொருத்தப்பட்டன. 1000 மி.மீ. குவியத்தூரமுடைய கருவி ஒவ்வொன்றும் 1500 படங்கள் எடுக்கவல்லது, 200 கி.மீ. உயரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தில் 60 கி.மீ. பக்கமுள்ள சதுர நிலப்பரப்பு அடங்கும். படச்சுருள் தரையை அடைந்தாலன்றிப் பயனில்லை. மின்கலத்தின் ஆற்றலும் சில நாள்களுக்கே போதுமானது. எனவே எட்டு நாள்களில் கலத்தை மீட்பது வழக்கமாயிற்று. அமெரிக்கக் கொரோனாத் திட்டத்தில் படச்சுருள் உறை மட்டுமே மீட்கப்பட்டது. செனித்திலோ கருவிகளும் உடன் திரும்பின. கொரோனாவும் 'டிஸ்கவரர்' என்னும் புனைபெயரிலேயே பறந்தது என்பதையும் மறத்தலாகாது.

பெயரை மறைக்கலாம்; எட்டாம் நாளில் கலம் வானிலிருந்து மறைவதை மறைக்க இயலாது. இங்கிலாந்தின் கெட்டரிங் நகரப் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியரான ஜெஃப்ரி பெரியும் அவர்தம் மாணவரும் எளிய வானொலி ஏற்பியைக் கொண்டு இக்கலங்களைத் தொடர்ந்து கவனித்தனர். 1966 மார்ச்சில் ஏவப்பட்ட காஸ்மாஸ் 112-இன் பாதை பைக்கனூருக்குப் பொருந்தவில்லை. அக்டோபரில் காஸ்மாஸ் 129 ஏவப்பட்டதும், இரு கலங்களின் தரைத்தடங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கணித்து, பிளெசெத்ஸ்க் அருகே புதிய ஏவுதளம் உள்ளதென அவ்வாண்டிலேயே வெளிப்படுத்தினர். சோவியத் அரசு அத்தளத்தை ஒப்புக்கொண்டது 1983-இல்தான். பள்ளி மாணவர் குறிப்பேடு அரசின் அறிவிப்பைவிட நம்பத்தக்க மூலமாக அமைந்தது எனலாம்.

அதே கோளவடிவக் கலம் புவிவள ஆய்வுக்கும் பின்னாளில் பயன்பட்டது. 1979 முதல் காஸ்மாஸ் எண்களில் ஒளிந்திருந்த அவ்வகைக் கலம், 1989 மே மாதத்தில்தான் 'ரெசூர்ஸ்-எஃப்' என்னும் தன் சொந்தப் பெயரில் அறிவிக்கப்பட்டது.