மணல் முனையின் சாக்கடை

கதைகளில் வரும் மனிதர்கள் சாப்பிடுகிறார்கள், காதலிக்கிறார்கள், சாகிறார்கள். கொல்லைப்பக்கம் மட்டும் போவதே இல்லை. நானும் இதுவரை யாரையும் அனுப்பியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, யூஜீன் ஓநீலின் நாடகம் முதன்முதலில் மேடையேறிய ஊரைப் பற்றிப் படிக்கப் போனவன், அந்த ஊரின் சாக்கடைக் கதையில் வந்து நின்றேன்.

ஊரின் பெயர் பிராவின்ஸ்டவுன். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் என்னும் நிலம் கடலுக்குள் கொக்கி போல் வளைந்து நிற்கிறது. அதன் நுனியில் இருக்கும் மணல்திட்டு இது. 1620 நவம்பரில் மேஃபிளவர் கப்பல் முதலில் நங்கூரம் பாய்ச்சியது இங்கேதான். ஐந்து வாரம் இருந்து பார்த்துவிட்டு, வந்தவர்கள் பிளிமத்துக்குப் போய்விட்டார்கள். பிற்பாடு திமிங்கில வேட்டைக்காரர்களும் மீனவர்களும் ஊரை உண்டாக்கினார்கள். ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்து சேர்ந்தார்கள். 1916 ஜூலையில், கடலுக்குள் நீண்ட ஒரு துறைமேடையின் பழைய மீன் கிடங்கில் ஓநீலின் நாடகம் நடந்தது. கப்பலில் சாகக் கிடக்கும் மாலுமியின் கதை. பலகைத் தளத்துக்கு அடியிலேயே நிஜக் கடல்!

கடல் அவ்வளவு அருகில் இருப்பது நாடகத்துக்கு நல்லது, கக்கூஸுக்கு நல்லதல்ல. சாக்கடை சரிவை நம்பிப் பிழைப்பது. சமதளமான கரையில் சரிவு வேண்டுமானால் குழாயை ஆழத்தில் இறக்கவேண்டும். மணலில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று சுரந்து பள்ளம் இடிந்துவிடும். ஆகவே வீட்டுக்கு வீடு குழிதான். குழியில் விழுந்தது மணலில் கசியும். மணலுக்கு அப்பால் கடல். கடலில் மனிதர்கள் தின்னும் சிப்பி.

இதற்கு 1860களிலேயே ஒரு யோசனை சொன்னவர் ஹாலந்து தேசத்துப் பொறியாளர் சார்லஸ் லீர்னூர். ஓடாத கழிவை உறிஞ்சி எடுத்தால் என்ன? நீராவிப் பம்பினால் குழாயிலுள்ள காற்றை இழுத்துவிட்டால், கழிவு பின்னாலேயே ஓடிவருமே! ஆம்ஸ்டர்டாமிலும் லெய்டனிலும் செய்து காட்டினார். சேர்ந்ததை உரமாக விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்பது அவர் கணக்கு. ஜனங்கள் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கவே, உரமும் நீர்த்தது, கணக்கும் நீர்த்தது. யோசனை மட்டும் சாகவில்லை.

2003-இல் பிராவின்ஸ்டவுனுக்கு அதே யோசனை வந்தது. கழிவுநீர் முதலில் ஒரு சிறு தொட்டியில் சேரும். சுமார் 40 லிட்டர் சேர்ந்ததும் ஒரு வால்வு, மின்சாரம் இல்லாமலே, தானாகத் திறக்கும். குழாயின் வெற்றிடம் அதை ஒரே மடக்கில் விழுங்கிப் பம்பு நிலையத்தில் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து சுத்திகரிப்புக்குத் தள்ளுவார்கள். குழாய்க்கு ஆழம் வேண்டாம், சரிவும் அதிகம் வேண்டாம். ஆனால் பம்பு நிலையம் ஓயாமல் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். சாதாரணச் சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒரு தெருவுக்குத்தான் கஷ்டம். இங்கே மூச்சு நின்றால், அந்தக் குழாயோடு சேர்ந்த எல்லா வீட்டுக்கும் கஷ்டம்.

2022 ஆகஸ்டில் அது நின்றது. பெரும் இடிமழை ஒன்று அந்த அமைப்பைப் பழுதாக்கிவிட்டது. வருஷம் முழுவதும் குடியிருப்பவர்கள் 3,600 பேர்தான். கோடையிலோ அதைப்போல் பல மடங்குக் கூட்டம். நகர நிர்வாகம் நெருக்கடி நிலை அறிவித்தது. மிக அவசியமானாலொழியக் கழிப்பறையில் தண்ணீர் விடாதீர்கள் என்று வீட்டாரைக் கேட்டுக்கொண்டார்கள். உணவு விடுதிகளை மூடச் சொன்னார்கள். மீன் இருந்தது, அடுப்பு எரிந்தது, விருந்தாளிகளும் பசியோடு இருந்தார்கள்; பாத்திரம் கழுவிய தண்ணீர் போகத்தான் வழியில்லை.