தோணாவுக்கு ஒரு வட்டவிதானை வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. மாரி இறுகும் முன் வாசித்துவிடுங்கள்.

ஒன்பதாம் தரத்தில் வரலாற்றுப் பாடம். பொலன்னறுவைக் காலத்துக் குளங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், பராக்கிரமபாகு ராசா கட்டின குளம் இன்னும் இருக்கு. எங்கட தோணாவ மட்டும் ஏன் வருசா வருசம் வெட்டுறாங்க?"

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலும் வரவில்லை. அதைத் தேடிப் பார்த்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் மண்ணைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்கள். நடுவில் பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரை ஒடுங்கிய ஒரு மணல் துண்டு. அதன் மேல்தான் கல்முனை மாநகரம் முழுவதும் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் வெள்ளம் கடலைச் சேர வேண்டுமானால் இந்தத் துண்டைக் கடந்துதான் போக வேண்டும். தோணாவும் முகத்துவாரங்களும் அதற்கான வாசல்கள். கடல் அலை மணலைக் கொண்டுவந்து வாசலை அடைக்கும், மாரியில் நாம் வெட்டித் திறப்போம். இது இயற்கை. ஆனால் வீடுகள் பெருகியபோது தோணாவின் ஓரத்தை நிரப்பியதும், குப்பையை அதற்குள் கொட்டியதும் இயற்கை அல்ல. வெளியூரிலிருந்து யாரும் வந்து அதைச் செய்யவில்லை.

1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. கச்சேரி கடற்கரையில் அமையவில்லை, உள்ளே அம்பாறை நகரில் அமைந்தது. அன்றிலிருந்து காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை என்று வயல்வெளியைக் குறுக்கே கடந்துதான் நாம் காரியம் பார்க்கப் போகிறோம். 2024 நவம்பர் 26ஆம் திகதி அந்த மாவடிப்பள்ளியில்தான், நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளைகளுக்காக எல்லோரும் துஆச் செய்தோம். மழை பெய்தால் அந்த வீதியை வெள்ளம் மேவும் என்பது வயலில் கால் வைத்த எவருக்கும் முன்பே தெரிந்த விடயம். தெரிந்திருந்தும் இழந்தோம்.

காசு இல்லாததால்தான் இப்படி என்று சொல்வோம். வரலாறு அதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை.

2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேல். உலகமே காசு அனுப்பியது. ஆனால் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று கொழும்பில் ஒரு கோடு போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். எங்களைப் போல வயலுக்கும் கடலுக்கும் நடுவே நெருங்கி வாழ்பவர்கள் 200 மீற்றரை விட்டுக்கொடுத்து எங்கே போவது? பிறகு கோட்டைத் தளர்த்தினார்கள். மருதமுனையில் '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என்ற பெயரில் அந்தக் கதை இன்றும் இருக்கிறது. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் காசில் 500 வீடுகள் எழும்பின. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. காசு இருந்தது, சீமெந்து இருந்தது, வீடில்லாத மக்களும் இருந்தார்கள். யாருக்கு, எந்த முறையில் என்ற முடிவு முதலிலேயே எடுக்கப்படவில்லை.

அடுத்தது ஒலுவில். துறைமுகம் என்பது மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் கனவு. டென்மார்க்கின் வட்டியில்லாக் கடனில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். எங்கள் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. ஒரு பக்கம் மணல் குவிந்து துறைமுக வாயை அடைத்தது. மறுபக்கம் மணல் வராமல் கடல் கரையைத் தின்றது, தென்னைகள் சரிந்தன. வணிகக் கப்பல்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை. மணலை ஆண்டாண்டு காலம் அள்ளுவது யார், எந்தக் காசில் என்ற கேள்வி திறப்பு விழாவில் தீரவில்லை.

சரி, நன்றாக நடந்தது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. குழாய்த் தண்ணீர். சுனாமியில் எங்கள் கிணறுகள் உவர்த்துப் போனது நினைவிருக்கும். இன்று அம்பாறைக் கொண்டவட்டுவான் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு எங்கள் குசினி வரை வருகிறது. அதற்கும் வெளிநாட்டு உதவி கிடைத்ததுதான். ஆனால் அதற்குப் பொறுப்பாக நீர் வழங்கல் சபை என்றொரு காரியாலயம் உண்டு, வாசலில் மீற்றர் உண்டு, மாதா மாதம் பில் உண்டு. குழாய் உடைந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியும். அதனால் அது நிலைத்தது.

அதே தண்ணீர் பாவித்த பின் எங்கே போகிறது? ஒவ்வொரு வளவிலும் ஒரு குழிக்குள். அல்லது வடிகானுக்குள், அங்கிருந்து தோணாவுக்குள். உள்ளே வரும் தண்ணீருக்குப் பில் இருக்கிறது, வெளியே போகும் தண்ணீருக்குக் கேட்பாரில்லை. குப்பையும் அப்படித்தான். அட்டாளைச்சேனைப் பள்ளக்காட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று சுமார் 20 யானைகள் எட்டு வருடத்தில் செத்ததாக 2022இல் உலகச் செய்தியே வந்தது.

மாணவனின் கேள்விக்குப் பதில் எங்கள் வயலிலேயே கிடைத்தது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் நடக்கும். எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது வாய்க்கால் வெட்டுவது என்று விவசாயிகள் முன்னிலையில் திகதி குறிப்பார்கள். வாய்க்காலைப் பார்க்க வட்டவிதானை இருப்பார். அவருக்குரியதை விவசாயிகளே நெல்லாகக் கொடுப்பார்கள். கொடுப்பதால்தான் கேட்கிறார்கள். ஒருகாலம் இந்தக் கரையை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டிலும் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படி நீர்ச்சபைகள் உண்டு. ஒரு பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தும் அந்த நாடு மூழ்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, எங்கள் வயலின் வாய்க்காலுக்கு ஆள் உண்டு, எங்கள் ஊரின் வாய்க்காலுக்கு ஆள் இல்லை.

அந்த ஆள் மாநகர சபையாகத்தான் இருக்க வேண்டும். 1987இல் கல்முனைப் பட்டின சபையும் கரைவாகுவின் மூன்று கிராம சபைகளும் ஒன்றாக்கப்பட்டன. 2001இல் மாநகர சபையானோம். அதன் பிறகு எங்கள் சக்தியில் பெரும்பகுதி எல்லைச் சண்டையில் போனது. சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்ற வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வந்தது, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றித் தமிழ்ச் சகோதரர்களின் கோரிக்கையும் நீண்டகாலமாகத் தீராமல் இருக்கிறது. ஒவ்வொருவர் பக்கமும் நியாயம் உண்டு. வெள்ளத்துக்கு மட்டும் எந்த எல்லையும் தெரியாது. பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் ஒரே நாளில்தான் முற்றத்துக்குள் வருகிறது.

சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6இல் நாட்டில் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. வழக்கு ஒன்றினால் எங்கள் மாநகருக்கு நடக்கவில்லை. சோலைவரி கட்டுகிறோம், அது எந்த வடிகானுக்குப் போகிறது என்று கேட்க எங்கள் வட்டாரத்தில் நாம் தெரிந்த ஓர் உறுப்பினர் இல்லை.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் நிர்வாகங்கள், பாடசாலைகள், வர்த்தகர்கள் சேர்ந்து, மாரிக்கு முன் எங்கள் நகருக்கும் ஓர் ஆரம்பக் கூட்டம் வையுங்கள் என்று ஆணையாளரிடம் எழுத்தில் கேட்போம். எந்த வடிகான், எத்தனை மீற்றர், எவ்வளவு காசு, யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டட்டும். சோலைவரி பாக்கி இருந்தால் நாமும் கட்டிவிட்டுப் போய் நிற்போம். கட்டாமல் கேட்கும் கேள்விக்குப் பலம் இல்லை.

அந்த மாணவனிடம் அடுத்த பாடத்தில் சொன்னோம்: "மகன், அந்தக் குளத்தப் பார்க்க ஆள் இருக்கு. தோணாவப் பார்க்கத்தான் ஆள் இல்ல." அவன் உடனே கேட்டான்: "அப்ப யார் சேர் ஆள் போடுற?"

அதை உங்களிடமே விடுகிறோம்.