பித்தர் விடுதி குடியிருப்பான வரலாறு

இலண்டன் மாநகரின் வடபால் ‘நியூ சவுத்கேட்’ என்றொரு புகைவண்டி நிலையம் உண்டு. 1850-இல் கிரேட் நார்தர்ன் இரயில்வேயார் அதனைத் திறந்தபோது இட்ட பெயர் ‘கோல்னி ஹாட்ச் அண்டு சவுத்கேட்’ என்பதாம். இரயில்வே ஊழியம் புரியும் எமக்கு, அப்பெயரின் முற்பாதி எங்கே போயிற்று என்று அறியும் ஆவல் எழுந்தது.

அவ்வூரில் மிடில்செக்ஸ் மாவட்டத்தார் எழுப்பிய மனநோய் விடுதிக்கு, 1849-இல் விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அடிக்கல் நாட்டினார். சாமுவேல் டாக்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அதனை இத்தாலிய மாளிகை போல் வகுத்தார். 1851-இல் திறக்கப்பட்ட அவ்விடுதியின் நடைக்கூடம் ஒன்றே மூன்றில் ஒரு மைலுக்கு மேல் நீண்டது. ஏறத்தாழ 1,250 பேருக்கென அமைந்த இடத்தில், பின்னர் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் அடைபட்டனர். நெருக்கடி தீர மரத்தால் கட்டிய தற்காலிகக் கொட்டகை 1903-இல் தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். இளவரசர் நாட்டிய கல் இருக்க, ஏழைகளுக்கு வாய்த்தது மரப்பலகை!

நாளடைவில் ‘கோல்னி ஹாட்ச்’ என்பது பித்துக்கே மறுபெயராயிற்று. 1871 முதல் மனநோய் மருத்துவமனை இருந்துவரும் சென்னைக் கீழ்ப்பாக்கத்தின் பெயர் நம்மவர் கேலிப் பேச்சில் பட்ட பாட்டை அன்பர்கள் அறிவர். அங்கே நிலையமும் விடுதியும் பழம்பெயரை உதறின. ‘பிரையர்ன் மருத்துவமனை’ என்ற புதுப்பெயரோடு விடுதி 1993 வரை நடந்தது.

நோயாளிகளை ஊருக்குள் சிறு இல்லங்களில் வாழவைப்பதே நன்றென்னும் கொள்கையால் அது மூடப்பட்டது. வெளியேறியோரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், பெரும்பாலோர் புதிய இல்லங்களையே விரும்பினர் எனக் கண்டனர். ஆயினும், 1980-களில் அங்கே தங்கிய வரலாற்றாசிரியர் பார்பரா டெய்லர், தமக்கு அது புகலிடமாகவும் இருந்ததென்று 2014-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். இவ்விரண்டும் உண்மையென்றே யாம் கொள்கிறோம்.

அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தமையால் கட்டடம் இடிபடவில்லை. வரிசையாய்க் கட்டில்கள் கிடந்த கூடங்கள் தடுக்கப்பட்டு, செல்வர் வாழும் அடுக்குமனைகளாயின, நீச்சற்குளமும் வந்தது. சுவரைக் காத்தமை போற்றத்தக்கதே. ஆனால் புதிதாய்ச் சூட்டிய ‘பிரின்சஸ் பார்க் மேனர்’ என்னும் பெயரில் அங்கே வாழ்ந்து மடிந்தோரின் சாயல் சிறிதுமில்லை. இது எமக்கு உடன்பாடன்று. அவர்களைப் பற்றிய பதிவேடுகள் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.