பச்சையத்தின் பிறப்பு: குறியிட்ட அணுக்கள் காட்டிய வழி

இலையின் பசுமையை நாடோறுங் காண்கின்றோம். அப்பசுமை எப்பொருளிலிருந்து பிறக்கின்றது என்பதோ கண்ணாற் காணலாகாதது. 1940 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் ஹான்ஸ் பிஷர் பச்சையத்தின் அமைப்பைத் தெளிவாக்கினார். மகனீசியத்தை நான்கு நைதரசன் அணுக்கள் சூழ்ந்த வளையம் அது. குருதியிலுள்ள ஈமும் அதனையொத்த வளையமே. அதன் நடுவில் நிற்பது இரும்பு. ஆயினும் அமைப்பை அறிதல் வேறு, ஆக்கத்தை அறிதல் வேறு.

ஆக்கத்தை அறிவித்தவை சமதானிகள். ஒரு மூலகத்தின் சமதானிகள் திணிவால் வேறுபடினும் இரசாயன இயல்பால் ஒத்தவை. ஆதலின் நைதரசன் 15, காபன் 14 என்பவற்றாற் குறியிட்ட உணவை உயிர்கள் ஏற்றுக்கொள்ளும். குறி சென்ற வழியை ஆய்வாளர் பின்தொடர்வர்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்து டேவிட் ஷெமின், நைதரசன் 15 குறியிட்ட கிளைசின் 66 கிராமை மூன்று நாளில் தாமே உட்கொண்டு, தம் குருதியை ஆராய்ந்தார். ஈமின் நைதரசன் கிளைசினிலிருந்து வருவதென அவரும் ரிற்றன்பேக்கும் 1946 இல் வெளியிட்டனர். பின்னர், கிளைசினும் கிளர்வுற்ற சக்சினிக்கமிலமும் கூடி, காபனீரொட்சைட்டு நீங்க, அமினோலெவுலினிக்கமிலம் உண்டாதல் புலனாயிற்று. அதன் எட்டு மூலக்கூறுகள் சேர்ந்தே ஒரு வளையம் அமையும். 1953 இல் குளோரெல்லா என்னும் அல்காவிலும் குறியிட்ட கிளைசின் பச்சையத்தைச் சென்றடைதல் காட்டப்பட்டது. இலையிலும் இதுவே வழியெனப் பலர் கொண்டனர்.

அக்கொள்கை நிலைக்கவில்லை. குறி சென்றடைந்தமை, அது நேர்வழியிற் சென்றமைக்குச் சான்றாகாது. கலத்தினுள்ளே ஒரு பொருள் பல சுற்றுவழிகளாற் பிறிதொன்றாகும். 1970களின் முற்பகுதியிற் பீல், கஸ்தெல்பிராங்கோ ஆகியோர் பசுமையுறும் வெள்ளரி வித்திலைகளுக்குக் காபன் 14 குறியிட்ட பொருள்களை ஊட்டினர். லெவுலினிக்கமிலத்தால் மேல்வழியை அடைத்து, தேங்கிய அமினோலெவுலினிக்கமிலத்தை ஆராய்ந்தனர். கிளைசினினும் மிகுதியாக அதிற் சேர்ந்தது குளுற்றாமிக்கமிலமே.

அது சக்சினிக்கமிலமாக மாறிய பின்னரே சேர்ந்தது எனின், அதன் முதற் காபன் காபனீரொட்சைட்டாக நீங்கியிருத்தல் வேண்டும். 1975 இல் பீல், கோ, கிரானிக் ஆகியோர் வாற்கோதுமையில் அம்முதற் காபனுக்கே குறியிட்டுப் பார்த்தனர். அது நீங்காது, விளைபொருளின் ஐந்தாங் காபனாக நின்றது. ஐங்காபன் தொடர் சிதையாமற் பயன்படுதல் உறுதியாயிற்று.

ஷெமின் கண்டது பொய்யன்று. விலங்குகளும் ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியாக்களுட் சிலவும் அவர் காட்டிய வழியையே பின்பற்றுகின்றன. குருதிக்கு மெய்யானதை ஆராயாது இலைக்கும் ஏற்றியதே பிழை. ஒப்புமை வினாவை எழுப்பித் தரும். விடையைச் சோதனையே தருதல் வேண்டும் என்பதை மாணாக்கர் இவ்வரலாற்றாற் கற்பாராக.