செய்கூலி, சேதாரம், ஒரு மாயப்பெட்டி

"செய்கூலி கிடையாது, சேதாரம் கிடையாது" என்ற நகைக்கடை விளம்பரத்தைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. ஊரை விட்டு வந்து புனேயில் உட்கார்ந்திருந்தாலும், தங்கமணி ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்த இரண்டு வார்த்தைகளும் என் காதில் விழுந்துவிடும். சேதாரம் என்றாலே நமக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் சேதாரமே இல்லாத ஓர் உலகத்தில் பணத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்?

பொருளாதாரப் புத்தகத்தில் தேட வேண்டாம். கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றின் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. (பேங்க்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.)

டயாப்லோ என்று ஒரு விளையாட்டு. பிளிஸ்ஸார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. பேய், பிசாசுகளை வெட்டினால் அவை செத்து விழும்போது தங்கக்காசும் வாளும் கவசமும் சிதறும். பொறுக்கிக்கொண்டு அடுத்த பேயைத் தேடிப் போகவேண்டும். கதை அவ்வளவுதான். இதன் இரண்டாம் பாகம் 2000 ஜூனில் வந்தது. அதற்கு அடுத்த வருடம் 'லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்' என்ற கூடுதல் பாகம். நான் முதல் போஸ்டிங்கில் இருந்த காலம். பக்கத்து அறை நண்பரின் கம்ப்யூட்டரில், ஞாயிற்றுக்கிழமை மெஸ் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால் ராத்திரிதான் எழுந்திருப்போம்.

அந்த விளையாட்டில் தங்கம் மழையாகக் கொட்டும். ஆனால் இணையத்தில் சேர்ந்து ஆடியவர்கள் தங்களுக்குள் பண்டமாற்று செய்தபோது அந்தத் தங்கத்தைச் சீந்துவாரில்லை. காரணம் எளிது. பேய் சாகும்போதெல்லாம் புதுக் காசு அச்சாகிறது. ஆயுதம் பழுது பார்க்கவும், கடையில் சூதாட்டம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பொருள் வாங்கவும் கொஞ்சம் செலவாகும். மற்றதெல்லாம் தேங்கிக் கிடக்கும். போதாக்குறைக்கு ஓர் ஆட்டக்காரர் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய தங்கத்துக்கு உச்சவரம்பு வேறு: அவருடைய நிலை எதுவோ அதைப் பத்தாயிரத்தால் பெருக்கிய தொகை. உச்ச நிலையான 99-ஐத் தொட்டவர் கையிலும் 9,90,000-க்கு மேல் நிற்காது. பெரிய வியாபாரத்துக்கு இது எந்த மூலைக்கு?

ஆகவே ஆட்டக்காரர்கள் தாங்களே ஒரு நாணயத்தைக் கண்டுபிடித்தார்கள். 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டான்' என்ற மோதிரம். பையில் ஒரே ஒரு கட்டம்தான் அடைக்கும். எல்லாத் திறமைகளையும் ஒரு படி உயர்த்தும். எல்லோருக்கும் பயன்படும், எளிதில் கிடைக்காது. பணத்துக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் இருந்தது. எந்த ரிசர்வ் வங்கியும் அறிவிக்கவில்லை, தானாகவே அமைந்தது.

ஆனால் மோதிரம் தேயாதே! ஒருமுறை வந்தது வந்ததுதான். விளையாட்டின் ஓட்டைகளைப் பயன்படுத்தி நகல் எடுக்கவும் ஆரம்பித்தார்கள். கள்ளநோட்டுக்கும் நல்லநோட்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மோதிரத்தின் மதிப்பு சரிந்தது. 2003-ல் நிறுவனம் ஒரு வேடிக்கை செய்தது. இந்த மோதிரங்களைக் கடைக்காரரிடம் விற்றால், குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் ஒரு ராட்சத டயாப்லோ தோன்றும், அவனைக் கொன்றால் அபூர்வப் பரிசு. விற்ற மோதிரம் போனது போனதுதான். மற்றவர்களுக்கு இது திருவிழா. என் வங்கிக் கண்ணுக்கு இது புழக்கத்தில் இருக்கும் பணத்தை உறிஞ்சும் ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

இனிதான் பட்டறை. விளையாட்டில் 'ஹொராட்ரிக் க்யூப்' என்று ஒரு மாயப்பெட்டி வரும். பைக்குள் 4 கட்டம்தான் அடைக்கும், ஆனால் உள்ளே 12 கட்டம் இடம்! (பில்டர் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் ஏரியாவுக்கு நேர் எதிர். வீட்டுக்கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்குத்தான் இந்த அருமை தெரியும் :-) ) அதற்குள் பொருள்களைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் வேறு பொருளாக மாறும். மூன்று மட்டமான ரத்தினங்களைப் போட்டால் ஒரு படி மேலான ரத்தினம் ஒன்று. மூன்று உயர்தர ரத்தினங்களோடு ஒரு மந்திரப் பொருளைப் போட்டால், அதன் குணங்கள் கலைந்து புதுக் குணங்கள் வரும். நல்லதும் வரலாம், குப்பையும் வரலாம்.

2001-ல் இதோடு 'ரூன்' என்ற எழுத்துக் கற்கள் சேர்ந்தன. 'எல்' முதல் 'ஸோட்' வரை மொத்தம் 33. மந்திரம் ஏறாத, சரியான எண்ணிக்கையில் துளை உள்ள ஆயுதத்திலோ கவசத்திலோ சரியான வரிசையில் பதித்தால் அது ஒரு மந்திரச் சொல் ஆகும். இரண்டு துளைக் கவசத்தில் 'டால்', 'எத்' பதித்தால் புதியவர்களுக்கு உதவும் 'ஸ்டெல்த்'. மூன்று துளைக் கவசத்தில் 'ஜா', 'இத்', 'பெர்' பதித்தால் நினைத்த இடத்துக்குத் தாவ வைக்கும் 'எனிக்மா'. வரிசை மாறினால் சொல் பலிக்காது. தப்பாகப் பதித்த கல்லைக் கழற்றவும் வழி உண்டு, ஆனால் கல் அழிந்துவிடும். அசல் சேதாரம்!

கீழ்நிலைக் கற்களைச் சேர்த்து மேல்நிலைக் கல் செய்யலாம். இருபதாவது கல் வரை மூன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. கேட்க எளிதாக இருக்கிறதா? பி.காம் படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் கல்லான 'எல்'லை மட்டும் வைத்து 9-வது கல்லை அடைய 6,561 கற்கள். 21-வது கல்லுக்கு 348,67,84,401. கூட்டுவட்டியை யாருக்காவது விளக்க வேண்டுமானால் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

விளைவு என்ன? மோதிரம் இருந்த இடத்தில் ரூன் கற்கள் நாணயமாக உட்கார்ந்தன. மோதிரம் தேயாது, ரூன் தேயும். யாரோ ஒருவர் அதைப் பதித்துத் தீர்த்துக்கொண்டே இருக்கிறார். நகல் தொல்லை ரூன்களையும் விடவில்லை. ஆனால் உண்மையான தேவை அடியில் நின்று தாங்கியது.

இந்தப் பாடத்தை மூன்றாம் பாகம் மறந்தது. 2012 மே மாதம் வந்த அதில் ஏலக்கடை திறந்தார்கள். விளையாட்டுத் தங்கத்துக்கு ஒன்று, நிஜப் பணத்துக்கு இன்னொன்று. நிஜப் பணக் கடையில் ஒரு வாளை விற்றால் நிறுவனத்துக்கு 1 டாலர் கமிஷன். ஒருவர் அணிந்து கழித்த வாளை இன்னொருவருக்கு விற்கலாம், அவர் அடுத்தவருக்கு. எதுவும் அழிவதில்லை. சரக்கு குவிந்தது, தங்கம் அதைவிட வேகமாகக் குவிந்தது. கொல்லனிடம் போய்ச் செய்து பார்ப்பதைவிட ஏலத்தில் வாங்குவது லாபம். 2013 மே மாதம் ஒரு கோளாறில், ஏலத்தை ரத்து செய்தவர்களுக்குப் போட்டதைவிட அதிகத் தங்கம் திரும்பி வந்து, கடையையே சில நாள் மூட வேண்டியதாயிற்று. 2014 மார்ச் 18-ல் இரண்டு கடைகளுக்கும் நிரந்தரப் பூட்டு. பட்டறையை மதிக்காத சந்தை இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

இதற்கிடையே நியூசிலாந்தில் ஒரு சின்ன நிறுவனம், கிரைண்டிங் கியர் கேம்ஸ், 2013 அக்டோபரில் 'பாத் ஆஃப் எக்ஸைல்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் அவர்கள் தங்கத்தையே ஒழித்தார்கள். நாணயம் எல்லாமே பட்டறைச் சாமான். ஓர் அபூர்வப் பொருளில் மூன்று முன்னொட்டு, மூன்று பின்னொட்டு வரை குணங்கள் இருக்கலாம். 'கேயாஸ் ஆர்ப்' என்ற உருண்டை அவை எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகப் போடும். 'எக்ஸால்டட் ஆர்ப்' ஒரு குணத்தைச் சேர்க்கும். 'டிவைன் ஆர்ப்' இருக்கும் குணங்களின் எண்களை மட்டும் மாற்றும். ஒவ்வொன்றும் ஒருமுறை பயன்படுத்தினால் காலி. சட்டைப்பையில் இருக்கும் பணமே சுத்தியல், அடித்தால் சுத்தியல் மறைந்துவிடும்.

இது வெறும் தத்துவம் அல்ல என்பதற்கு 2022 ஆகஸ்ட் சாட்சி. பல வருடங்களாக எக்ஸால்டட்தான் அங்கே பெரிய நோட்டு. உயர்ரகப் பட்டறை வேலைகள் சிலவற்றுக்கான கூலியை அந்த மாதம் எக்ஸால்டட்டிலிருந்து டிவைனுக்கு மாற்றினார்கள். நாணயத்தைப் பற்றி வேறு அறிவிப்பு வேண்டியிருக்கவில்லை. பெரிய நோட்டு என்ற அந்தஸ்து டிவைனுக்கு மாறிவிட்டது. எங்கே தேய்மானமோ அங்கேதான் மதிப்பு.

என் பையன் கல்லூரி முதல் வருடம், இதை ஆடுகிறான். "என்னடா, இவ்வளவு கரன்சியைப் பூட்டி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டதற்கு, "அப்பா, அது கரன்சி இல்லப்பா, மெட்டீரியல்" என்றான். இருபது வருடமாக மேனேஜர் நாற்காலியில் இருப்பவனுக்கு ஒரே வரியில் பாடம். அதே பையன் போன மாதம் வந்து, ஏதோ ஒரு தளத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு டிவைன் கிடைக்கிறது, வாங்கவா என்றான். கூடாது என்றேன். விளையாட்டின் விதிப்படியே அது குற்றம். அதைவிட முக்கியம், அங்கே சில மாதங்களுக்கு ஒருமுறை புது 'லீக்' என்று எல்லோரும் சைபரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பழையது அழியாது, ஆனால் கூட்டம் நகர்ந்துவிடும். இரண்டாயிரம் ரூபாய் நிஜம், திரும்பி வராது. பையன் முகம் சுருங்கினான். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்று போய்விட்டான்.

நம் வீடுகளில் பிள்ளைகள் இப்படி எதையாவது ஆடிக்கொண்டிருந்தால் கத்துவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைச் செய்ய என்ன அழிகிறது?" ரூன் கல் என்றால் கவலை இல்லை. ராத்திரித் தூக்கமோ அப்பாவின் கிரெடிட் கார்டோ என்றால் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது. 'இன்னும் ஒரே ஒரு உருண்டை' என்ற எண்ணம் லாட்டரிச் சீட்டின் தம்பிதான்.

கொசுறு: ஒழித்த தங்கத்தை 2024-ல் அந்த நியூசிலாந்துக்காரர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. நாணயம் மாற்றும் இடத்தில் கட்டணமாகக் கட்டலாம், கட்டியது காணாமல் போய்விடும். தங்கத்துக்கும் ஒருவழியாகச் சேதாரம் போட்டுவிட்டார்கள். தங்கமணியிடம் இதைச் சொன்னேன். "அங்கேயுமா?" என்றார்.