உத்தரவாதம் இல்லாத ஓர் உறுதி

1189 டிசெம்பர் 5 அன்று கன்ரர்பரி நகரில் இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் ஒரு பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். சிலுவைப் போருக்குப் புறப்படும் அவசரம்; கையில் காசில்லை. ஸ்கொட்லாந்து அரசர் வில்லியம் 1174 இல் இங்கிலாந்துப் படையிடம் பிடிபட்டு, தன் நாடு இங்கிலாந்துக்கு அடங்கியது என்று ஒப்பமிட்டுக் கொடுத்த பிறகே விடுபட்டவர். அந்த மேலாண்மை உரிமையை ரிச்சர்ட் 10,000 மார்க் வெள்ளிக்குக் கைவிட்டார். ரொக்ஸ்பரோ, பெரிக் கோட்டைகளும் திரும்பக் கொடுக்கப்பட்டன. வரலாற்றில் இதற்குக் 'கன்ரர்பரி குவிட்கிளெயிம்' என்று பெயர்.

கைவிட்ட உரிமையை ஒரு நூற்றாண்டு கழித்து முதலாம் எட்வர்ட் மறுபடியும் கேட்டுப் படையோடு போனார். 1328 இல் மூன்றாம் எட்வர்ட் இன்னொரு குவிட்கிளெயிம் எழுதினார். இந்தத் தடவை 20,000 பவுண். ஐந்து வருடம் போனதும் அவரும் படையெடுத்தார். அரசர்களுடைய எழுத்தின் பெறுமதி அவ்வளவுதான். ஆனால் அந்த எழுத்தின் வடிவம் சாகவில்லை. அமெரிக்காவில் இன்றைக்கும் வீடும் காணியும் கைமாறும்போது குவிட்கிளெயிம் உறுதி எழுதுகிறார்கள். அதன் சாரம் ஒரே வசனம்: இந்த ஆதனத்தில் எனக்கு என்ன உரித்து உண்டோ அதை உனக்கு விட்டேன். உரித்து உண்டு என்று அது சொல்லாது. நாளைக்கு மூன்றாம் ஆள் ஒருவன் வந்து காணி தன்னுடையது என்றால், விட்டவர் பதில் சொல்லத் தேவையில்லை.

இங்கே மட்டக்களப்பு ஆரையம்பதியில் கலியாணப் பேச்சில் அப்படி ஓர் உறுதியைக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்து உறுதியை விரித்துப் பாருங்கள். இந்தக் காணி எந்த இலக்க உறுதிப்படி, எந்த நொத்தாரிசு முன்னிலையில், யாரிடமிருந்து வந்தது என்று முதலில் ஒரு வரலாறு. பிறகு எல்லைகள்: வடக்கு இன்னார் வளவு, கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னாரின் உரிமைவாளிகளின் காணி, மேற்கு றோட்டு. அதற்குள் அடங்கிய வீடு, கிணறு, தென்னை. கடைசியில் வருவதுதான் முக்கியம். இதன்பேரில் எவராலும் வில்லங்கம் வந்தால் நானும் என் உரிமைவாளிகளும் முன்னின்று தீர்த்துத் தருவோம் என்ற வாக்கு. ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம டச்சுச் சட்டப்படி, விற்பவர் இதை எழுதாவிட்டாலும் அந்தப் பொறுப்பு அவர் தலையில்தான்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு, காணி மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருந்து ஒப்பமிட வேண்டும். மூன்று பிரதி: ஒன்று உடையவர் கையில், ஒன்று காணிப் பதிவகத்துக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவையில். 2004 டிசெம்பர் 26 இல் கடல் அலுமாரியோடு அள்ளிக்கொண்டு போன உறுதிகளுக்கு மறுபிரதி எடுக்கலாம் என்ற ஆறுதல் இந்த ஏற்பாட்டில் கிடைத்தது.

உத்தரவாதம் இல்லாத உறுதிக்கும் ஓர் இடம் இருக்கிறது. எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் நடுவே சந்தேகமே இல்லாத இடம் அது. அண்ணன் தம்பி பங்கை விட்டுக்கொடுக்கும்போது தமிழ்நாட்டில் எழுதும் விடுதலைப் பத்திரம் இந்த வகை. இதைவிடச் சந்தேகம் குறைந்த இடம் ஒன்றே ஒன்று உண்டு: ஒருவர் தனக்குத் தானே எழுதிக்கொள்வது. அது எப்படி வந்தது என்பதற்கு டிரஸ்ட் பிறந்த கதைக்குப் போகவேண்டும்.

1224 இல் பிரான்சிஸ்கன் துறவிகள் இங்கிலாந்தில் வந்திறங்கினார்கள். சொத்து எதையும் உடைமையாக வைத்திருக்கக் கூடாது என்பது அவர்கள் விரதம். ஆனால் மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டுமே. பக்தர்கள் வீட்டை ஊர் மக்கள் பெயரில் எழுதினார்கள்; குடியிருந்தது துறவிகள். பெயர் ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. இந்த ஏற்பாடு பெரிய காணிக்காரரின் கண்ணில் படாமல் இருக்குமா? அந்நாளில் காணிக்காரன் சின்னப் பிள்ளையை விட்டுச் செத்தால், பிள்ளை வளரும்வரை வருமானத்தை மேல்பிரபு அனுபவிப்பார். காணி செத்தவன் பெயரில் இல்லாவிட்டால்? உயிரோடிருக்கும்போதே நாலைந்து நண்பர்கள் பெயருக்கு மாற்றி, 'என் குடும்பத்துக்காக வைத்திருங்கள்' என்று சொல்லிவிட்டால் பிரபுவுக்கு ஒன்றும் இல்லை. டிரஸ்ட் என்ற மகா கண்ணியமான அமைப்பு, பாதி துறவிலும் பாதி வரி ஏய்ப்பிலும் பிறந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

நண்பர்களில் சிலர் காணியை விழுங்கினார்கள். வழக்குப் போட்டால் பொதுச் சட்ட நீதிமன்றம் ஒன்றைத்தான் பார்த்தது: பெயர் யாருடையது? தோற்றவர்கள் அரசரின் சான்சலரிடம் போனார்கள். அவர் பெரும்பாலும் ஒரு மதகுரு. அவர் கேட்ட கேள்வி வேறு: காணியை வாங்கும்போது என்ன சொல்லி வாங்கினாய்? உன் மனச்சாட்சி என்ன சொல்கிறது? வாக்குக் கொடுத்தபடி நட என்று கட்டளையிட்டார். டிரஸ்டுக்குச் சட்டத்தில் உயிர் வந்தது அந்தக் கேள்வியில். வருமானம் போகிறதே என்று எட்டாம் ஹென்றி 1536 இல் சட்டம் போட்டு இதை அடைக்கப் பார்த்தார். அடுத்த நூறு வருடத்துக்குள் வழக்கறிஞர்கள் இன்னொரு ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள்.

டிரஸ்டையும் குவிட்கிளெயிமையும் சாதாரண வீட்டுக்காரனின் மேசையில் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்ததில் பெரிய பங்கு நோர்மன் டேசி என்ற அமெரிக்கருக்கு உண்டு. அவர் வழக்கறிஞர் அல்ல. ஒருவர் இறந்த பின் சொத்தைப் பிள்ளைகளுக்கு மாற்ற நீதிமன்றத்தில் ஆகும் காலமும் செலவும் வீண் என்று சொல்லி, அதைத் தவிர்க்கும் வழியை 1965 இல் புத்தகமாகப் போட்டார். நிரப்பி ஒப்பமிடும் படிவங்களும் உள்ளேயே இருந்தன. புத்தகம் அமோகமாக விற்றது. உரிமம் இல்லாமல் வழக்கறிஞர் தொழில் செய்கிறார் என்று நியூயோர்க் வழக்கறிஞர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 1967 இல் அந்த மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் டேசியின் பக்கம் நின்றது. வழி இதுதான்: உயிரோடு இருக்கும்போதே டிரஸ்ட் ஒன்றை எழுது, அதற்குப் பொறுப்பாளனாக உன்னையே நியமி, பிறகு 'நான்' என்ற தனியாள் 'நான்' என்ற பொறுப்பாளனுக்கு வீட்டை விட்டுக்கொடு. தனக்குத் தானே யாரும் உத்தரவாதம் கேட்பதில்லை. குவிட்கிளெயிம் இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கடன் உள்ள வீட்டை மாற்றினால் வங்கி முழுத்தொகையையும் உடனே கேட்குமோ என்ற பயத்தை 1982 இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று பெரும்பாலும் நீக்கியது. உரித்துக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு பொறி உண்டு: உத்தரவாதம் இல்லாத உறுதியால் கைமாறினால் பழைய காப்புறுதி தொடருமா என்று கம்பனியிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

அங்கே வீடு வாங்கிய மருமகன் ஒருவர் இதைச் செய்துவிட்டு, "மாமா, மூன்று வரிதான். நம்முட வளவையும் இப்படி எழுதினா என்ன?" என்று கேட்டார். "மனே, இஞ்ச அது வேற கதை" என்றேன். மறுகா கதை நீண்டுவிட்டது.

இலங்கைக்கு டிரஸ்ட் சட்டமாக வந்தது 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில். நம்பிக்கைப் பொறுப்பு என்பது நம் அரசாங்கத் தமிழ். 1882 ஆம் ஆண்டு இந்தியச் சட்டம்தான் முன்மாதிரி. இந்தியச் சட்டம் தரும, சமய அறங்களை வெளியே விட்டது. இலங்கையில் அவற்றுக்கு ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார்கள். மட்டக்களப்பில் அதன் தேவை எப்படிப்பட்டது என்று கோயில் கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். இங்கே கோயிலைப் பார்ப்பவர் வண்ணக்கர். குடி மரபுப்படி வருகிறவர். வயலை, தென்னந்தோப்பை வாயால் சாமிக்கு விட்டவர்கள் நம் முன்னோர்; உறுதி இல்லை, இருந்தாலும் ஒரு மனிதர் பெயரில் இருக்கும். அவர் கண்மூடியபின் பிள்ளைகள் முதுசம் என்று வந்து நின்றால்? 107 ஆவது பிரிவு இதற்குத்தான். முறையாக எழுதிய சாதனம் இல்லாவிட்டாலும், சூழ்நிலைகளை எல்லாம் பார்த்து, தருமப் பொறுப்பு ஒன்று இருக்கிறது என்று நீதிமன்றம் தீர்மானிக்கலாம். எண்ணெய் யார் ஊற்றினார், விளைச்சல் எங்கே போனது, திருவிழாவை யார் செய்தார் என்ற சாட்சியத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. சான்சலர் கேட்ட அதே கேள்வி, வாவிக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களின் வக்பு ஆதனங்களுக்கு 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டம் தனியாக உண்டு.

கோயிலை விட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே டிரஸ்டைத் தேடுவார் குறைவு. வீடு பெண் பிள்ளைக்கு என்பது இந்தப் பிரதேசத்தில் சட்டப் புத்தகத்துக்கு முந்திய வழக்கம். மட்டக்களப்பு முக்குவரிடையே முதுசம் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறையை பிரிட்டோ என்பவர் 1876 இல் அச்சில் எழுதினார். அதே வருடம் வந்த வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த முறையின் காலை முறித்தது. ஆனால் வீடு மகளுக்கு என்பது முறியவில்லை. தாய் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதுவார்; தன் சீவிய உரித்தை ஒதுக்கி வைப்பார்; மகள் ஏற்றுக்கொண்டு அதிலேயே ஒப்பமிடுவாள். ஏற்பு இல்லாத நன்கொடை செல்லாது. தாய் கண்மூடினால் உரித்து முழுதாக மகளிடம். மரணசாதன வழக்கு வேண்டாம். டேசி படிவம் போட்டுச் சாதித்ததை எங்கள் கிழவிகள் நொத்தாரிசு வாங்கில் இருந்தபடியே சாதித்துக்கொண்டிருந்தார்கள். மீளப்பெற முடியாத நன்கொடை எழுதியபின் பிள்ளை கொடுமை செய்தால், நன்றிகெட்ட செயலைக் காட்டி நீதிமன்றத்தில் ரத்துக் கேட்க 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

மருமகனுக்கு நான் கடைசியாகச் சொன்னது அரச காணியைப் பற்றி. இந்தப் பக்கத்தில் எல்லாக் காணிக்கும் உறுதி இல்லை. அனுமதிப் பத்திரமோ அளிப்போ வைத்திருப்பவர்கள் நிறைய. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அதை நினைத்தபடி யாருக்கும் மாற்ற முடியாது. டிரஸ்டுக்கு எழுதும் பேச்சே இல்லை. பின்னுரித்தாளர் பெயரைக் குறிக்காமல் இறந்து, துணையும் இல்லாவிட்டால், அட்டவணையில் ஆண் பிள்ளைக்குத்தான் முதலிடம். 2022 திருத்தம் வரும்வரை அப்படித்தான் இருந்தது. வீடு மகளுக்கு என்று வாழும் ஊரில் அந்த அட்டவணை எத்தனை அக்கா தம்பிமாரை மனஸ்தாபப்பட வைத்திருக்கும்! ஆகவே 'எனக்குள்ள உரித்து எதுவோ' என்று எழுத ஆசைப்படுகிறவர், நொத்தாரிசைத் தேடுமுன், ஆரையம்பதியிலேயே இருக்கும் மண்முனைப்பற்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் போய், தன் கையில் இருப்பது உறுதியா, அளிப்பா, வெறும் அனுமதிப் பத்திரமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வரவேண்டும்.